நாட்காட்டி பூட்டிக்கொண்டால் யாரை நோவது?

கடந்த மாரியில் ஒரு சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் பூட்டிக் கிடந்த மண்டபம் ஒன்றின் வாசலில் எம்மவர் குடும்பங்கள் சில கொட்டும் பனிக்குள் நின்றதை நாம் கண்டோம். பட்டுப்பாவாடை கட்டிய சிறுமியர், ஊன்றுகோலுடன் வந்த முதியோர், பொங்கற் பானையைத் துணியிற் சுற்றி எடுத்து வந்த தாய்மார். பனிப்புயல் எச்சரிக்கை காரணமாகத் தமிழ்ப் பாடசாலையின் பொங்கல் விழா ஒரு வாரம் பிற்போடப்பட்டிருந்தது. அச்செய்தி இவர்களுக்குக் கிட்டவில்லை. பாடசாலை நிர்வாகத்தினர் அறிவிக்க மறந்துவிடவில்லை. அவர்கள் முற்றாக நம்பியிருந்த இணைய நாட்காட்டிச் சேவை, பயன்பாட்டு எல்லை தாண்டப்பட்டுவிட்டதென முதல்நாள் மாலையே அறிவித்துத் தன் கதவை மூடிக்கொண்டது.

‘இலவசம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சிலர் சினந்தனர். ‘பொறுப்பாளருக்கு ஒன்றும் தெரியாது’ என்று வேறு சிலர் குறைகூறினர். இவ்விரண்டும் நியாயமல்ல என்பதே எமது கருத்து. ஊதியம் ஏதுமின்றி, வேலை முடிந்து வந்து இரவிரவாகப் பெயர்களைப் பதிந்த அத்தொண்டரை நோவதில் பயனில்லை. பிழை எமது பழக்கத்தில் இருக்கின்றது.

இத்தகைய சேவைகளுக்கு எல்லைகள் ஏன் விதிக்கப்படுகின்றன? எம்மவரிற் பலர் பயன்படுத்தும் கூகிள் நாட்காட்டி 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எவரும் எவருக்கும் அழைப்பு அனுப்பலாம் என்ற வசதியை மோசடிக்காரரும் கண்டுகொண்டனர். பரிசு விழுந்தது என்ற பொய் அழைப்புகள் முன்பின் அறியாதோரின் நாட்காட்டிகளிற் புகுந்து, 2019இல் பெருந்தொல்லையாயின. ஒரே கணக்கிலிருந்து குறுகிய நேரத்தில் ஏராளமான அழைப்புகள் வெளியேறினால், அனுப்புபவர் தமிழ்ப் பாடசாலைத் தொண்டரா மோசடிக்காரரா என்பது இயந்திரத்திற்குத் தெரியாது. ஆகவே அது சில மணி நேரம் தடைபோடுகின்றது. பின்னர் தடை தானாக நீங்கிவிடும். ஆனால் பனிப்புயல் அதுவரை காத்திராது.

எல்லையை நாம் அறியாமலே எவ்வாறு தாண்டுகின்றோம் என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 300 குடும்பங்களை ஒரு விழாவிற்கு அழைப்பதாக வைத்துக்கொள்வோம். கூகிளின் சாதாரணக் கணக்கில் ஒரு நிகழ்வுக்கு 200 பேரையே தனித்தனியாக அழைக்கலாம். எனவே விழா இரண்டாகப் பதியப்படும். பிறகு நேரம் மாறும், மண்டபத்தின் பெயரில் எழுத்துப்பிழை திருத்தப்படும், உணவு பற்றிய குறிப்புச் சேர்க்கப்படும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் அனைவருக்கும் அறிவித்தல் அனுப்பினால், ஐந்து திருத்தங்களில் 1,500 கடிதங்கள் போய்விடும். மிக அவசரமான ஆறாவது கடிதத்தின் வேளையிற் கதவு மூடுகின்றது.

இதற்குச் செய்யக்கூடியவை கடினமானவையல்ல. பாடசாலைக்கென ஒரு நாட்காட்டியை உருவாக்கி, அதன் இணைப்பை மட்டும் பெற்றோருக்கு ஒருமுறை கொடுத்துவிடலாம். அதன் பின் செய்யும் மாற்றங்கள் கடிதம் இன்றியே அவர்களுடைய கைத்தொலைபேசியிற் தோன்றும். வேறு நிறுவனங்களின் நாட்காட்டிகள் வழியாகப் பார்ப்போருக்குச் சில மணி நேரம் தாமதமாகலாம். சிறு திருத்தங்களின்போது, அழைக்கப்பட்டோருக்கு அறிவிக்கவா என்று கேட்கும் இடத்தில் வேண்டாம் என்று பதிலளிக்கலாம். தடை விழுந்துவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்தக்கூடாது. மென்பொருள் எழுதுவோருக்கே கூகிள் கூறும் அறிவுரை, முதலில் ஒரு விநாடி, பின் இரண்டு, பின் நான்கு எனக் காத்திருக்கும் நேரத்தை இரட்டித்துக்கொண்டு போகும்படியாகும். பூட்டிய கதவை இடித்துக்கொண்டு நிற்பதால் அது விரைவில் திறப்பதில்லை.

இவற்றைவிட முக்கியமான ஒன்றுண்டு. எமது சங்கங்கள், பாடசாலைகள், ஆலயங்கள் பலவற்றின் நாட்காட்டி ஒரே ஒருவரின் சொந்தக் கணக்கில் இருக்கின்றது. கடவுச்சொல் அவருக்கு மாத்திரமே தெரியும். அவர் நகரம் மாறினால், நோயுற்றால், மறைந்தால் என்ன ஆகும்? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழித்துவிடலாம் என்ற விதியைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. பல்லாண்டு விழாக்களின் பதிவு ஓசையின்றி மறைந்துவிடக்கூடும். ஊரிலிருந்து ஆவணம் ஏதுமின்றி வந்தவர்கள் நாம். பதிவை இழப்பது எத்தகையது என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே குறைந்தது மூவருக்கேனும் நாட்காட்டியைத் திருத்தும் உரிமை இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதனைக் கோப்பாக இறக்கிச் சங்கத்தின் கணினியிற் சேமிக்கட்டும். இத்தகைய கோப்புகளுக்கு 1998இலேயே பொது வடிவம் வகுக்கப்பட்டதனால், ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும் இயலும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். அகதி வழக்கு விசாரணைத் திகதி, சட்டத்தரணியைச் சந்திக்கும் நேரம், வைத்தியசாலைக் குறிப்பு ஆகியவற்றைப் பலர் பார்க்கும் நாட்காட்டியில் எழுதவேண்டாம். அவற்றைத் தாளிலும் எழுதி வீட்டில் வையுங்கள். ஒரு விசாரணைக்குச் செல்லத் தவறினால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே தடம் மாறலாம். ‘நாட்காட்டி நினைவூட்டவில்லை’ என்பதை ஒரு காரணமாக எந்த அதிகாரியிடமும் நம்பிச் சொல்ல முடியாது.

தொலைபேசி மட்டுமே இருந்த காலத்தில், ஒருவர் பத்து வீடுகளுக்கு அறிவிப்பார். அப்பத்துப் பேரும் அடுத்த பத்துப் பத்து வீடுகளுக்கு அறிவிப்பர். செத்தவீட்டுச் செய்தி இரவோடிரவாக நகரெங்கும் பரவியது இவ்வாறுதான். அந்த ஏற்பாட்டை நாம் கைவிட்டதே அன்று பனிக்குள் நிற்கநேர்ந்ததற்குக் காரணம். இணைய நாட்காட்டி வேண்டாமென நாம் கூறவில்லை. அதனை நன்கு பயன்படுத்துவோம். ஆனால் ஒவ்வொரு பாடசாலையும் பத்து வகுப்பு என்றால் பத்துப் பெற்றோரைத் தெரிந்து, அவசரச் செய்தியைத் தொலைபேசியிற் சொல்லும் பொறுப்பை இவ்வாரமே ஒப்படைக்கட்டும். தமிழ்க் கடையில் தரும் நாட்காட்டியும் சமையலறைச் சுவரிற் தொங்கட்டும். அதில் எழுதுவதற்கு எவரும் எல்லை விதிப்பதில்லை.