சத்தம் உடைந்தால் மைக்கைத் திட்டாதீர்கள்

வீட்டிலேயே கிடார், கீபோர்டு, மிருதங்கம் என்று ரெக்கார்ட் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு லேப்டாப், ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு மைக். கதவைச் சாத்தினால் ஸ்டூடியோ ரெடி. வாசிப்பும் நன்றாகத்தான் இருக்கும். போட்டுக் கேட்டால் மட்டும் ஒவ்வொரு பலமான அடியிலும் கரகரவென்று ஒரு சத்தம். உடனே யோசனை வரும்: "மச்சி, மைக் சரியில்ல. வேற வாங்கு." வாங்குவார்கள். புது மைக்கிலும் அதே கரகர :-)

பெரும்பாலும் குற்றவாளி மைக் இல்லை. மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் ரெக்கார்டிங் "கனமாக" இருக்கும் என்ற நம்பிக்கைதான் குற்றவாளி.

இந்த நம்பிக்கை கேசட் காலத்துச் சொத்து. டேப்பில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டை மெல்லிசாகப் பதிந்தால் இரைச்சல்தான் மேலே நிற்கும். அதனால் லெவலை ஏற்றி வைத்தார்கள். முள் அவ்வப்போது சிவப்புக்குப் போனாலும் டேப் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திணறும், காதை உறுத்தாது. டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் எழுதுவதற்கு எண்ணே இல்லை. மேலே போகும் அலையின் தலை வெட்டப்படும்.

சரி, லெவலைக் குறைத்தால் தரம் போய்விடாதா? சின்னக் கணக்குதான். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். மிகப் பலமான அடிகூட -12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிந்தால் இழப்பது 2 பிட். மீதி 22. ஆடியோ சிடிக்கே 16 பிட்தான். இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல் இன்னும் சில பிட்டுகளைத் தின்னும், உண்மை. ஆனால் அந்த இரைச்சல் காதுக்கு எட்டுவதற்குள் அறையின் ஃபேன் சத்தமும் தெருவில் போகும் ஆட்டோ சத்தமும் எட்டிவிடும்.

எனவே பணத்தை எடுக்கும் முன், சத்தம் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

1. பதிந்த அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தலைகள் 0-வில் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால் இன்டர்ஃபேஸின் கெயின் அதிகம். குறைக்க வேண்டியது அந்தக் குமிழை. சாஃப்ட்வேரில் ஃபேடரைக் குறைத்தால், சத்தமாக உடைந்தது மெதுவாக உடைந்தது போலக் கேட்கும். அவ்வளவுதான்.

2. மீட்டர் -12 காட்டுகிறது, ஆனாலும் உடைகிறதா? தப்பு அதற்கு முன்னால் நடந்திருக்கிறது. கீபோர்டின் லைன் அவுட்டை மைக் சாக்கெட்டில் செருகியிருக்கலாம். மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. லைன் அவுட் ஒரு வோல்ட்டை நெருங்கும். யானையைப் பூனைக் கதவு வழியே அனுப்புவது போல. பழைய கம்ப்யூட்டர் என்றால் ரோஸ் சாக்கெட் மைக்குக்கு, நீல சாக்கெட் லைனுக்கு. விண்டோஸில் 'மைக் பூஸ்ட்' ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிக்கப் வைத்த அகவுஸ்டிக் கிடார் என்றால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். அது சாகும் தறுவாயில் இப்படித்தான் முனகும்.

3. கெயினை முழுசாகக் குறைத்தும் உடைகிறதா? மைக் வாத்தியத்தோடு ஒட்டி நிற்கிறது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சில மைக்குகளில் 'பேட்' சுவிட்ச் உண்டு, அதையும் போடலாம்.

4. அலைவடிவம் அழகாக இருக்கிறது, கேட்டால் மட்டும் கரகரவா? ஹெட்ஃபோனையோ ஸ்பீக்கரையோ மாற்றிக் கேட்க வேண்டும். அங்கங்கே 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் அது லெவல் பிரச்சினையாகவே இல்லாமல் இருக்கலாம். பஃபரை 128-லிருந்து 512-க்கு ஏற்றிவிட்டு மறுபடி பதிந்து பார்க்கலாம்.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம். லெவல் பார்க்கும்போது மிருதங்கக்காரர் மென்மையாக நாலு தட்டு தட்டுவார். கோர்வை வரும்போது இடி இடிக்கும். லெவல் வைக்க வேண்டியது அந்தக் கோர்வைக்குத்தான். அதையே ஒரு தடவை முழுசாக வாசிக்கச் சொல்லி, பீக் -12-க்கும் -6-க்கும் நடுவில் நிற்கும்படி வைத்துவிட்டால் பிறகு குமிழைத் தொடவே வேண்டாம்.

"உடைந்த சத்தமும் அழகுதானே, ராக் இசையே அதில்தானே நிற்கிறது?" என்று ஒரு கட்சி உண்டு. நியாயமான கட்சி. 1961-ல் வந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில், கன்சோலில் இருந்த ஒரு கோளாறால் கிரேடி மார்ட்டினின் பேஸ் உறுமியது. அதை அப்படியே வெளியிட்டார்கள். எஞ்சினியர் கிளென் ஸ்னாடி அந்த உறுமலைத் தரும் சர்க்யூட்டையே உருவாக்க, 1962-ல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடலாக விற்பனைக்கு வந்தது. ஆனால் அங்கே சத்தத்தைக் கேட்டு, பிடித்துப்போய், வைத்துக்கொண்டார்கள். கேட்காமலே உடைந்துபோன வயலினுக்கு இந்த உதாரணம் பொருந்தாது. சுத்தமாகப் பதிந்ததைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். உடைந்து பதிந்ததைச் சுத்தமாக்க வழியில்லை. அதற்கென்று இருக்கும் மென்பொருள்கள்கூட வெட்டப்பட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கத்தான் செய்கின்றன.

கிடார் பயிலும் மாணவன் நாளைக்கும் வாசிப்பான், இன்னொரு டேக் எடுத்துக்கொள்ளலாம். எண்பது வயது வீணை ஆசிரியர் ஒரு மத்தியானம் மனம் வந்து வாசித்ததை எப்படித் திரும்ப எடுப்பது? அவரை மறுபடி வாசிக்கச் சொல்லலாம். அதே வாசிப்பு வராது. சத்தம் குறைவாகப் பதிந்திருந்தால் வால்யூமை ஏற்றிக் கேட்டுக்கொள்ளலாம். கேட்பவருக்கு அது ஒரு திருகுதான்.