பனிச்சாலையும் நான்கு டயர்களும்



பனி என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது மார்கழி விடியற்காலையும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்து வரும் முதியோருமே. ஆனால் நம் பங்குகளிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் ஜெர்மனி, கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றுள்ள பிள்ளைகள் காணும் பனி வேறு. அது வானினின்று பஞ்சுபோல் இறங்கிச் சாலையில் படிந்து, வண்டிச் சக்கரங்களால் மிதிபட்டு, இரவில் கண்ணாடிபோல் இறுகிவிடும் வெண்பனி. அங்கே முதன்முதலாகக் கார் வாங்கும் இளைஞருக்கு ஐப்பசி பிறந்ததும் ஓர் ஐயம் எழுகிறது. வண்டியோடு வந்த டயர்கள் நன்றாகத்தானே இருக்கின்றன. சில மாதக் குளிருக்காகப் பனிக்கால டயர் நான்கு வாங்குவது வீண் செலவன்றோ? மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

கோடைக்கென்று செய்யப்பட்ட டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த ரப்பர் சாலையைப் பற்றாது. பனிக்கால டயரின் கலவையில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால் அது கடுங்குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். (குமரி மாவட்டத்தில் விடியுமுன் எழுந்து பால் வெட்டும் நம் மக்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.) மேலும், அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறினாற்போல் எண்ணற்ற மெல்லிய வெட்டுகள் உள்ளன. அவ்வெட்டுகள் வெண்பனியைக் கவ்வி வைத்துக்கொள்கின்றன. பனியோடு பனி ஒட்டிக்கொள்ளும் என்பதை, பனியுருண்டை செய்து விளையாடும் அந்நாட்டுக் குழந்தைகளும் அறிவர். பின்லாந்தில் நோக்கியா என்னும் ஊரின் பெயர் கைபேசியால் உலகெங்கும் பரவுமுன்னரே, அங்குள்ள ரப்பர்த் தொழிற்சாலை 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் இத்தகைய டயரைச் செய்துவிட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்திய பின் ஏறத்தாழ 12 மீட்டரில் நின்றுவிடும். சாலையின் பிடிப்பு அதில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் இறுகிய வெண்பனியில் அதே காருக்கு 50 மீட்டர் அளவு வேண்டும். பிடிப்பு மேலும் பாதியாகும் பளிங்குப் பனிக்கட்டியிலோ 100 மீட்டரை நெருங்கிவிடும். நம் ஊரில் கோயில் வாசலிலிருந்து கொடிமரத்தைத் தாண்டித் தெருமுனை வரையுள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தூரத்தினுள் சாலையைக் கடக்கும் குழந்தையொன்று வந்துவிட்டால் ஓட்டுநரின் திறமை என்ன செய்யும்? நல்ல பனிக்கால டயர் இத்தூரத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. அதினும் மிகுதியாகக் குறைப்பது நிதானம். அதே வெண்பனியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஏறத்தாழ 18 மீட்டரில் நின்றுவிடுவார். ஆகவே புதிய டயர் வாங்கிவிட்டோம் என்று பழைய வேகத்தில் செல்பவர், வாங்கிய பயனைத் தாமே அழித்துவிடுகிறார்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்போர் தமக்கு இவையெல்லாம் வேண்டாவென்று எண்ணுவதுண்டு. அவ்வண்டி புறப்படுவதிலும் மேடேறுவதிலும் வல்லதே. ஆனால் பிரேக்கை அழுத்தும்போது எல்லா வண்டியும் ஒன்றே, நிறுத்துவது டயர். செலவைக் குறைக்கும் எண்ணத்தில் இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதோ மாற்றாமையினும் தீதாக முடியலாம். முன்சக்கரம் பற்ற, பின்சக்கரம் வழுக்க, வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும். பளிங்குப் பனிக்கட்டியில் பனிக்கால டயரும் பெரிதும் தளர்ந்துவிடுகிறது என்பதையும் மறைக்கலாகாது. அங்கே இரும்பு ஆணி பதித்த டயரே உதவும். ஆனால் அது சாலையை அரித்துவிடுவதால் ஜெர்மனியில் 1975 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அத்தகைய நாளில் வண்டியை வீட்டில் விட்டுச் செல்வதே அறிவுடைமை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் பனிக்கால டயர் கட்டாயம். 2019 முதல் அதன் காலம் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை. நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாய் வாழும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. எனினும் அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள், பனிக்கால டயர் பொருத்தியவர்க்கு 2016 முதல் கட்டணத்தில் கழிவு தந்தாக வேண்டும். ஜெர்மனியிலோ நாள் குறிக்கப்படவில்லை. சாலையில் வெண்பனியோ பனிக்கட்டியோ இருக்கும்போது தகுந்த டயரின்றி ஓட்டினால் 60 யூரோ அபராதம். மலைச் சிகரமும் அதனுள் பனித்துகளும் பொறித்த அடையாளமுள்ள டயரே தகுந்ததென 2024 அக்டோபர் முதல் கொள்ளப்படுகிறது.

பணத்தைப் பற்றியும் கூறிவிடுவோம். நான்கு டயருக்குச் சில நூறு யூரோ ஆகும். அது சிறு தொகையன்று. ஆனால் பனிக்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் காத்திருக்கிறது. ஒன்று ஓய்வெடுக்க மற்றொன்று உழைக்கிறது. எனவே உண்மையான கூடுதல் செலவு, கடைக்காரர் தரும் சீட்டில் காணும் தொகையைவிட மிகக் குறைவு. நகரத்தினுள் மட்டும் எப்போதேனும் ஓட்டுபவர்க்கு, மேற்சொன்ன அடையாளம் பொறித்த எல்லாக் காலத்து டயரே போதுமானது. டிராம் வண்டியும் இரயிலும் வாசலுக்கு வரும் ஊரில் இருப்பவர் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலோ, கியூபெக்கிலோ, ஒன்டாரியோவின் வடபகுதியிலோ நாள்தோறும் வேலைக்குக் காரில் செல்பவர் இதில் மிச்சம் பிடிப்பதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

ஏனெனில், வழுக்கும் வண்டியால் வரும் தீங்கு ஓட்டுபவரோடு நிற்பதில்லை. பிரயாணிகளின் பாதுகாவலராகிய புனித கிறிஸ்தோபரின் படத்தை வண்டியில் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலர். நல்ல வழக்கமே. ஆயினும், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது நம் ஆண்டவர் மறுத்ததை நாம் அறிவோம். வானதூதர்கள் தாங்குவர் என்னும் நம்பிக்கையைக் காட்டிக் குதிப்பது விசுவாசம் ஆகாது. தேய்ந்த டயரின் மேல் புனிதரின் படத்தோடு பனிச்சாலையில் இறங்குவதும் ஏறக்குறைய அதுவே. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்க்கென்று பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, மோசே வழியாக நமக்கு அருளப்பட்ட கொலை செய்யாதே என்னும் கட்டளைதான். பத்தாவது, பிறர்பால் பொறுப்புணர்வு கொள்ளச் சொல்கிறது. பனிக்காலத்தில் இவ்விரண்டையும் டயர்க் கடையிலேயே கடைப்பிடிக்கத் தொடங்கலாம்.

மாணவராயிருக்கும் பிள்ளைகள் பழைய டயர் வாங்குவதுண்டு. அதில் இரண்டைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஓடாத டயரும் இறுகிவிடும். அடுத்தது பள்ளத்தின் ஆழம். ஜெர்மானியச் சட்டம் 1.6 மில்லிமீட்டரை ஏற்றாலும், பனிக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டுமென்பதே அறிந்தோர் கூற்று. 2 யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்தினால் அதன் வெள்ளி நிற ஓரம் மறைய வேண்டும். அவ்வோரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம்.

டயரை எப்போது மாற்றுவது என்பதற்கு ஜெர்மானியர் ஓர் எளிய வழக்கு வைத்திருக்கின்றனர்: அக்டோபர் முதல் உயிர்த்த ஞாயிறு வரை. அவர்கள் மொழியில் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் சிறுவர்க்கும் மனத்தில் நிற்கும். ஆனால் உயிர்ப்புப் பெருவிழா ஆண்டுதோறும் நகர்வது. 2024-இல் மார்ச் 31-இலும், 2025-இல் ஏப்ரல் 20-இலும் வந்தது. 2027-இல் மார்ச் 28-இலேயே வருகிறது. மலைப்பகுதிகளில் ஏப்ரலிலும் வெண்பனி விழக்கூடுமாதலால், அவ்வாண்டு பிள்ளைகள் பெருவிழா முடிந்த கையோடு டயரைக் கழற்றாமல் இன்னும் சில வாரம் பொறுத்திருக்கும்படி எழுதுங்கள்.