நிரூபி என்றால் ஒப்பி என்று அர்த்தமா?

என் பேத்தி கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் கிராஃப் தியரி ஒரு பாடம். தமிழில் கோட்டுருவியல் என்கிறார்கள். சென்ற வாரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து.

"என்னம்மா அது?"

"ஆய்லர் தேற்றம் தாத்தா. பத்து மார்க். கண்டிப்பா வரும்."

நான் ஓய்வுபெற்ற எழுத்தன். கணித மேதை அல்ல. ஆனால் புதுச்சேரியில் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். விடையைச் சரியாகச் சொன்னாலும் எங்கள் கணித வாத்தியார் விடமாட்டார். "பூர்குவா?" என்பார். ஏன் என்று பொருள். பிரம்படியைவிட அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயந்தோம். அந்தப் பழக்கதோஷத்தில் பேத்தியின் புத்தகத்தை வாங்கிப் படித்தேன்.

விஷயம் எளிமையானது. கோனிக்ஸ்பெர்க் நகரில் பிரேகல் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து நகரைச் சுற்றிவர முடியுமா? முடியாது என்று ஆய்லர் 1736-ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால் இன்னொன்றால் வெளியேற வேண்டும். ஆகவே பாலங்கள் ஜோடி ஜோடியாகச் செலவாகும். புறப்படும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் மட்டுமே ஒற்றைப்படை இருக்கலாம். அந்த ஊரிலோ நான்கு நிலப்பகுதிகள்: நடுத்தீவில் ஐந்து பாலங்கள், மற்ற மூன்றிலும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை. கதை முடிந்தது.

பேத்தியிடம் கேட்டேன்: "இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் இரண்டு பாலங்கள் போய்விட்டன. நடுத்தீவிலிருந்து வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று. மீதி ஐந்தில் நடக்க முடியுமா?"

விழித்தாள். "இது சிலபஸ்ல இல்லையே தாத்தா" என்றாள். தேற்றத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்த பெண்! ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். பத்தே நிமிடம். "முடியும்! தீவுல தொடங்கி கிழக்குப் பக்கத்துல முடிக்கணும். அந்த ரெண்டுலதான் மூணு மூணு பாலம்" என்று துள்ளினாள். இரண்டு மாதமாக அந்தப் பாடத்தைப் படிப்பவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

என் கோபம் அவள்மீது அல்ல; இப்படிச் சொல்லிக்கொடுக்கும் முறைமீது. முதல் நாளே கரும்பலகையில் நாற்பது வரையறைகள். முனை, விளிம்பு, படி, பாதை, சுற்று. எந்தக் கேள்விக்காக இவை பிறந்தன என்று ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஐந்து வருட வினாத்தாள்களைப் புரட்டி, வரப்போகும் தேற்றங்களைக் குறித்துக் கொடுப்பது. அலுவலகத்தில் பழைய கோப்பின் வரைவை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவோமே, அதே வேலை. எங்களுக்கு அது பிழைப்பு. கணிதத்துக்கு அது அவமானம்.

படிகள் எல்லாம் இரட்டைப்படையாக இருந்தால் சுற்று உண்டு என்ற மறுபாதிக்கு ஆய்லரே முழு நிரூபணம் எழுதவில்லை. அது கார்ல் ஹியர்ஹோல்ட்சர் இறந்தபிறகு, 1873-இல் அவர் பெயரில் வெளிவந்தது. நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்த விஷயத்தை, ஒரே இரவில் உருப்போடு என்கிறோம்.

"பாடம் அதிகம், நேரம் குறைவு, வேலைக்கு மார்க் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆசிரியர்களின் சுமையும் எனக்குத் தெரியும். வரையறையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனப்பாடம் தேர்வு முடிந்த மறுநாள் போய்விடும். ஏன் என்று கேட்கும் பழக்கம்தான் வேலைக்கும் உதவும்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. முதல் வாரம் வரையறை வேண்டாம். பாலங்களைக் கொடுத்து, தாளும் பென்சிலும் கொடுத்து விடுங்கள். வினாத்தாளில் யாரும் முன்பு பார்த்திராத ஒரு படம் வையுங்கள். பத்து மார்க்கை அதற்குக் கொடுங்கள்.

பேத்திக்குத் தேர்வு அடுத்த மாதம். இப்போதும் கூடத்தில் நடந்துகொண்டுதான் ஒப்பிக்கிறாள். வேறு வழியில்லை, மார்க் வேண்டுமே. ஆனால் நடுநடுவே நின்று, "இது ஏன் தாத்தா?" என்கிறாள். பாதிக்கு எனக்கு விடை தெரியாது. பரவாயில்லை, இருவரும் தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறோம்.