8 மணி நேர வேலைக்கு கணக்கு எழுதுவது யார்? ஓ.டி. காசு முழுசா கைக்கு வர என்ன வழி?

மீஞ்சூர்:

காலை 6 மணி ஷிப்டுக்கு போகிறவர் விடியும் முன்பே வீட்டை விட்டு கிளம்ப வேண்டும். மீஞ்சூர் ரெயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரெயிலுக்கு ஒரு கூட்டம் நிற்கும். சாப்பாட்டு பையுடன் கம்பெனி வேனுக்கு இன்னொரு கூட்டம் ரோட்டோரம் நிற்கும்.

ஒரு பக்கம் வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள். இன்னொரு பக்கம் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். இத்தனைக்கும் ஆள் போகும் ஊர்களில் மீஞ்சூரும் ஒன்று. நிரந்தர தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, வட மாநில தொழிலாளி என எல்லோருக்கும் சட்டப்படி 8 மணி நேர வேலைதான். ஆனால் மாதக்கடைசியில் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும்போதுதான் சிலருக்கு கணக்கு உதைக்கிறது. உழைத்த நேரம் ஒன்று, ஏட்டில் ஏறிய நேரம் வேறு என்றால் நஷ்டம் யாருக்கு?

ஆள் குறைந்தால் நேரம் நீளும்

ஒரு கம்பெனி வேலையை திட்டமிடும்போது ஆட்களை எண்ணுவதில்லை. மணி நேரத்தைத்தான் எண்ணுகிறது. ஒரு ஆள் தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 208 மணி நேரம் கிடைக்கும். 30 பேர் இருந்தால் 6,240 மணி நேரம்.

உதாரணத்துக்கு, ஒரு பிரிவில் மாதம் 6,240 மணி நேர வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காண்ட்ராக்டர் 30 பேருக்கு பதில் 24 பேரை மட்டும் அனுப்புகிறார். கிடைப்பது 4,992 மணி நேரம்தான். மீதி 1,248 மணி நேரத்தை யார் பார்ப்பது? இருக்கிற 24 பேரின் தலையில்தான் விழும். ஆளுக்கு மாதம் 52 மணி நேரம். அதாவது தினம் 2 மணி நேரம் கூடுதல்.

இதில் ஆளுக்கு ஒருநாள் லீவு போட்டாலே இன்னும் 192 மணி நேரம் குறையும். "லீவு கிடையாது" என்று சூப்பர்வைசர் கத்துவதற்கு பின்னால் இருப்பது பல நேரம் இந்த கணக்குதான்.

தினம் பார்த்தால் தெரியாது

தினம் 2 மணி நேரம்தானே என்று தோன்றும். 3 மாதத்துக்கு கூட்டினால் 156 மணி நேரம் வருகிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 3 மாதத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது என்றது. விதிவிலக்கு கொடுத்தாலும் 75 மணி நேரம்தான் உச்சம். நம் உதாரணத்தில் உள்ள தொழிலாளி அதை போல 2 மடங்கு உழைத்திருப்பார். தினக் கணக்கில் ஒளிந்திருக்கும் அதிக வேலை, 3 மாத கணக்கில்தான் பிடிபடும்.

அந்த பழைய சட்டத்துக்கு பதிலாக வந்திருப்பது பணியிட பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் தொகுப்பு சட்டம். மற்ற 3 தொழிலாளர் தொகுப்பு சட்டங்களுடன் சேர்த்து 21-11-2025 முதல் இதை மத்திய அரசு அமலுக்கு கொண்டு வந்தது. இதில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான். வாரத்தில் 6 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. தொழிலாளி சம்மதம் இல்லாமல் ஓ.டி. பார்க்க சொல்லக்கூடாது. ஆனால் 3 மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஓ.டி. என்ற எண் சட்டத்துக்குள் இல்லை. அதை அரசு விதிகள் மூலம் முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

2023-ல் நடந்தது என்ன?

நேரத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை தமிழகம் ஏற்கனவே பார்த்திருக்கிறது. 21-4-2023 அன்று தொழிற்சாலைகள் சட்ட திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறியது. ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட அது வழி செய்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விரும்புகிற தொழிலாளிக்கு மட்டும்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. தி.மு.க.வின் கூட்டணி கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. 3 நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

குஜராத்தில் கொரோனா காலத்தில் இன்னொரு கூத்து நடந்தது. 2020 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு உத்தரவு போட்ட அரசு, கூடுதல் நேரத்துக்கு இரட்டை சம்பளம் தேவையில்லை, சாதாரண சம்பளமே போதும் என்றது. 1-10-2020 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. உழைத்தவர்களுக்கு ஓ.டி. காசை சட்டப்படி கொடுக்கவும் உத்தரவிட்டது.

பாதி காசு போவது இப்படித்தான்

ஓ.டி.க்கு 2 மடங்கு சம்பளம் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதிய சட்டத்திலும் உண்டு. நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் மணிக்கு 75 ரூபாய். ஓ.டி.க்கு மணிக்கு 150 ரூபாய் தர வேண்டும். தினம் 2 மணி நேரம், 26 நாள் என்றால் 7,800 ரூபாய். இதையே ஒற்றை சம்பளமாக போட்டால் கிடைப்பது 3,900 ரூபாய். மீதி 3,900 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகையாக இருக்கலாம் அது.

நைட் ஷிப்டிலும் இதே சூட்சுமம் உண்டு. இரவு 10 மணிக்கு உள்ளே போய் காலை 6 மணிக்கு வெளியே வருகிறவருக்கு, நள்ளிரவுக்கு பிறகு உழைத்த நேரமும் முந்தைய நாள் கணக்கில்தான் சேரும். அவருக்கு வார லீவு என்பது ஷிப்ட் முடிந்ததில் இருந்து முழுசாக 24 மணி நேரம். காலை 6 மணிக்கு வந்தவரை அன்று இரவே கூப்பிட்டுவிட்டு, "பகல் முழுக்க லீவுதானே" என்று சொன்னால் அது லீவு ஆகாது.

நாட்கணக்கும் முக்கியம். வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால்தான் சம்பளத்துடன் லீவு என்று முன்பு இருந்தது. புதிய சட்டத்தில் 180 நாள் போதும். 20 நாள் வேலைக்கு ஒருநாள் லீவு சேரும். வருகை பதிவில் சில நாட்கள் விடுபட்டால் இந்த லீவுக்கும் ஆபத்து.

பாக்கெட் நோட்டு போதும்

வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளம் ஆகியவற்றுக்கு பதிவேடு வைப்பது முதலாளியின் கடமை. சம்பள சீட்டு தருவதும் கட்டாயம். ஆனால் பஞ்ச் மெஷின் அவர்களிடம், கம்ப்யூட்டர் அவர்களிடம். தொழிலாளி கையில் எதுவும் இல்லை.

இதற்கு பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு சின்ன பாக்கெட் நோட்டு போதும். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஓ.டி. பார்க்க சொன்னது யார் என்று தினம் ஒரு வரி எழுதினால் போதும். சம்பள சீட்டு வந்ததும் ஒத்துப் பார்க்கலாம். குறைந்த சம்பளம் பற்றி 3 வருடத்துக்குள் உரிமை கோரலாம் என்கிறது சம்பள தொகுப்பு சட்டம். கொடுக்க வேண்டியதை கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்குத்தான். காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் நழுவினால் வேலை வாங்கிய கம்பெனி பொறுப்பேற்க வேண்டும்.

தனியாக போய் கேட்டால் மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் ஒரே ஷிப்டில் உள்ள 10 பேர் நோட்டும் ஒரே கணக்கை சொல்ல வேண்டும். அந்த நோட்டுகளோடு சங்கத்திடமோ, தொழிலாளர் துறை அதிகாரிகளிடமோ போனால் பேச்சுக்கு பலம் இருக்கும்.

8 மணி நேரம் என்பது சட்டத்தில் இருக்கிறது. அது சம்பள கவரிலும் இருக்க வேண்டும் என்றால், கணக்கின் இன்னொரு பிரதி உழைத்தவர் பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும்.