இல்லத்துக் கைவேலை: சும்மாடு



சென்ற சித்திரையில் நாம் வசிக்கும் அடுக்கு வீட்டில் நீரேற்றும் பொறி பழுதுற்றது. பன்னிரண்டு நாட்கள் கீழ்க்குழாயிலிருந்து மூன்றாம் மாடிக்கு நீர் சுமக்க நேர்ந்தது. நாமோ காலையிலேயே அலுவலகம் சென்றுவிடுவோம். சுமந்தவர் நம் இல்லத்தரசியார். இடுப்பு நோகவே குடத்தை வெறுந்தலையில் ஏற்றினார். ஐந்தாம் நாள் உச்சி கன்றிக் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

ஊரிலிருந்து வந்திருந்த நம் அன்னையார் முதல் நாளே சும்மாடு சுற்றித் தர முன்வந்தார். "நகரத்தில் சும்மாடா? அண்டை வீட்டார் நகைப்பார்களே!" என்று தடுத்தவர் நாமே. "ஏண்டா, நகைக்கிறவர்களா வந்து தண்ணீர் சுமக்கப் போகிறார்கள்?" என்றார் அன்னையார். நமக்கு விடை எழவில்லை. நிலையத்தில் சுமைத் தொழிலாளர் சிவப்புத் துணியைச் சுருட்டித் தலைமேல் வைப்பதை நாள்தோறும் கண்டும் நாம் கற்றோமில்லை.

15 லிட்டர் நீர் 15 கிலோ எடை. குடத்தின் எடை வேறு. உச்சி வளைந்தது, குடத்தின் அடியும் வளைந்தது. இரண்டும் சிறிதோர் இடத்திலேயே தொடுவதால் பாரம் முழுவதும் அங்கேயே அழுத்தும். சும்மாடு அப்பாரத்தை வட்டமாகப் பரப்புகிறது. குடமும் உருளாது நிற்கிறது.

செய்முறை எளிது. பழைய பருத்தி வேட்டியில் நான்கு முழம் கிழித்து, கையகலத்திற்கு நீளவாக்கில் மடிக்கவும். நைலான் துணி வழுக்கும், ஆகாது. மடித்ததைக் கயிறு போல் முறுக்கி, நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு இருசுற்றாக வளைத்து, நுனியை உள்ளே செருகவும். நான்கைந்து இடங்களில் தைத்துவிட்டால் பிரியாது. அவ்வப்போது துவைத்து வெயிலில் உலர்த்துக.

குடத்தை ஏற்றவும் இறக்கவும் மற்றொருவர் கைகொடுக்க வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும். கழுத்து நோவுள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் தலைச்சுமையைத் தவிர்ப்பார்களாக.

கனடா நாட்டில் ஏரிக்கு ஏரி சிறு படகைக் கவிழ்த்துத் தோளில் சுமப்போர், அதன் குறுக்குச் சட்டத்தில் தோளுக்கொன்றாக இரு மெத்தைகளைப் பொருத்துகின்றனர். அதுவும் சும்மாட்டின் உறவே அன்றோ?

ஆறாம் நாள் அன்னையார் சுற்றிய சும்மாட்டைக் கண்ட அண்டை வீட்டு மராத்தி மூதாட்டியார் நகைக்கவில்லை. "சும்பள்!" என்று மகிழ்ந்து, தம் பேத்திக்கும் ஒன்று கேட்டார். குஜராத்தியர் இதனையே இண்டோணி என்பர். நாணிய நாமே அறியாதவரானோம்.

அன்று மாலை முதல் நீர் சுமந்தவர் நாம். அலுவலகத்திலிருந்து திரும்பிய தோழர் ஒருவர் படியில் நம்மைக் கண்டு நின்றார். மறுநாள் அவர் தலையிலும் ஒரு சும்மாடு இருந்தது.