சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது பெரியோர் வாக்கு. சித்திரக்காரனின் கைவண்ணத்தைப் புகழும் நாம், சுவரைப் பூசிக் கொடுத்தவனை நினைப்பதில்லை. நம் பிள்ளைகள் பலர் இன்று கற்க விரும்பும் கணினித் துறை ஒன்றில், சித்திரம் எழுதத் தெரியாமல் தோற்பவரைக் காட்டிலும், சுவரெழுப்பும்போதே மனஞ்சோர்ந்து திரும்புபவரே மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது. அதற்கு நாம் நேரிற் கண்ட சான்று ஒன்றை இத்திங்கள் எழுதுகின்றோம். அதில் நமது தவறும் ஒன்று உண்டு.

மட்டாஞ்சேரி பஜார் சாலையில், சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார் நம் நண்பர் ஒருவர். அவருடைய மகன் பொறியியல் இறுதியாண்டு மாணவன். மழைக்காலத்தில் மிளகும் சுக்கும் ஈரங்கண்டு பூசணம் பிடிப்பதைச் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவன். கிடங்குக் காற்றில் ஈரம் அளவு மீறினால் மணியடித்து அறிவிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்வதே கல்லூரிக்கு அவன் எடுத்துக்கொண்ட பணி. தந்தை ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய மடிக்கணினி ஒன்றும், இ.எஸ்.பி. 32 என்னும் சில்லுப் பலகை ஒன்றும் வாங்கினான்.

இத்தகைய கருவிகளுக்குள் அமர்ந்து இயங்குவதே உட்பொதி மென்பொருள். துணி துவைக்கும் இயந்திரத்திலும் மின்சார மீட்டரிலும் இருப்பது அதுவே. இதில் ஒரு விசித்திரம் உண்டு. மென்பொருளை எழுதுமிடம் வேறு. அது இயங்குமிடம் வேறு. பையன் வாங்கிய சில்லின் நினைவகம் 520 கிலோபைட். எட்டு ஜி.பி. கொண்ட மடிக்கணினியோடு ஒப்பிட்டால் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் அமர்ந்து எழுத இடமேது? கிடங்கில் அடுப்பு இல்லை. ஆகவே வீட்டிலே சமைத்து, தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கின்றோம் அன்றோ? அதுபோலவே, மடிக்கணினியில் எழுதி, சில்லுக்குப் புரியும் மொழியில் கிராஸ் கம்பைலர் என்னும் கருவியால் மாற்றி, கேபிள் வழியே அனுப்பவேண்டும். இந்த அடுப்பு, சட்டி, வழி ஆகிய மூன்றையும் ஒழுங்கு செய்வதே முதல் வேலை.

பையன் மூன்று நாள் முயன்றான். பல நூறு மெகாபைட் மென்பொருளை அலைபேசி இணையத்தில் இறக்கினான். அழித்தான், மீண்டும் இறக்கினான். பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயினும் மடிக்கணினியோ பலகை ஒன்று இணைந்திருப்பதாகவே காட்டவில்லை. நான்காம் நாள் தந்தை நம்மிடம் வந்தார். "இவனுக்கு இது வராது போலிருக்கிறது, ஐயா. வேறு ஏதாவது எளிதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். பையன் தலைகுனிந்து நின்றான். அந்த நிலையைக் காண நமக்குப் பொறுக்கவில்லை.

களமசேரியில் இத்தகைய மின்னணுக் கருவிகளுக்கென்றே மேக்கர் வில்லேஜ் என்னும் நிலையம் உள்ளது. அத்துறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் மென்பொருளைத் தொடவே இல்லை, கேபிளை மாற்றினார். உடனே கணினி பலகையை அறிந்துகொண்டது. யு.எஸ்.பி. கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள், செய்திக்கு இரண்டு கம்பிகள். அலைபேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட மலிவான கேபிள்கள் சிலவற்றில் பின்னவை இரண்டும் இரா. விளக்கு எரிந்ததால் கேபிள் நன்று என்று யாவரும் நம்பினோம். அந்தக் கேபிளைப் பையனுக்குக் கொடுத்தது யார்? நாமே! நம் வீட்டு மேசையிற் கிடந்ததை உதவி என்றெண்ணிக் கொடுத்தோம். பையனின் அறிவைப் பழித்த மூன்று நாளும், பழி நமது கேபிளுக்கு உரியது.

அந்த இளைஞர் கற்பித்த ஒழுங்கை வீடுதோறும் குறித்துக்கொள்ளலாம். முதலாவது, செய்தி செல்லும் கேபிள்தானா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது, பலகையிலுள்ள யு.எஸ்.பி. சில்லுக்குரிய டிரைவர் விண்டோஸ் கணினியில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். லினக்ஸ் ஆயின், பயனருக்கு அந்த வாயிலைத் திறக்கும் அனுமதி உண்டா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, தன் சொந்த நிரலை விடுத்து, ஒரு விளக்கை மின்னச்செய்யும் சிறு நிரலை மட்டும் அனுப்பவேண்டும். நான்காவது, பலகை கணினிக்கு ஒரு சொல்லேனும் திருப்பி அனுப்புகிறதா என்று காணவேண்டும். எழுத்துக்கள் சிதைந்து வந்தால் இருபுறத்து வேகமும் ஒத்தில்லை என்று பொருள். ஒருபுறம் 115200, மறுபுறம் 9600 என்றிருக்கும். ஒன்று தேறிய பின்னரே அடுத்தது. இந்நான்கும் தேறினால் சுவர் எழும்பிவிட்டது.

ஐந்தாவதாக, ஒரு நோட்டுப்புத்தகம் வேண்டும். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைக் கொண்டு வேலை நடந்தது என்பதைத் தேதியிட்டு எழுதவேண்டும். இ.எஸ்.பி. 32-க்கான ஆர்டுயினோ தொகுப்பின் மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்தபோது, பழைய கட்டளைகள் சில நீக்கப்பட்டன. நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாமற் போக, இத்தகைய மாற்றம் ஒன்றே போதும்.

இத்துறை நமக்குத் தொலைவிலுள்ளதும் அன்று. திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனம் வேகா என்னும் செயலிகளை வடிவமைத்து, தேஜஸ் 32 என்னும் சில்லையும் ஏரீஸ் என்னும் பலகைகளையும் தந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்னும் செயலி உருவாயிற்று. இவ்விரண்டும் 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-வி என்னும் திறந்த முறையைத் தழுவியவை. 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்டு, இன்றளவும் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கும் ஜி.சி.சி. கம்பைலர் இவற்றுக்கும் உதவுகின்றது. ஆகவே அடுப்பிற்குப் பணம் தேவையில்லை. அதை மூட்டிக் காட்ட ஓர் ஆள்தான் தேவை.

அந்த ஆள் சொந்த ஊரில் இருந்தால் அண்டை வீட்டிலேயே கிடைத்திருப்பார். அயலூரில் குடியேறியவர்க்கு அத்துணை எளிதன்று. ஆகவே நமது வேண்டுகோள் இது: நம் சங்கத்து அலமாரியில் சோதித்துப் பார்த்த கேபிள் ஒன்று, பலகை ஒன்று, இறக்கி வைத்த மென்பொருள் அடங்கிய பென் டிரைவ் ஒன்று, நோட்டுப்புத்தகம் ஒன்று இருக்கட்டும். கேபிளை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டோம். இம்முறை சோதித்தே கொடுத்தோம். நோட்டின் முதற் பக்கத்தைப் பையன் எழுதியுள்ளான். "விளக்கு எரிகிறதென்று கேபிளை நம்பாதே" என்பது அதன் முதல் வரி.

அவனுடைய கருவி இப்பொழுது கிடங்கின் மூலையில் இருக்கின்றது. சென்ற வாரம் மழை இரவில் அது மணியடித்ததாம். மூட்டைகளைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திவிட்டு வந்த தந்தை, அதைப்பற்றி நம்மிடம் இருமுறை சொன்னார்.