பேய் அன்று, நோய்!

சதுரகிரி மலையடியில் வாழும் நமக்கு மருந்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூலிகைக்குப் பேர்பெற்ற மலை அது. சளி என்றால் தூதுவளை, வயிற்றுவலி என்றால் ஓமம் என்று நம் பாட்டிமார் மனப்பாடமாய்ச் சொல்வார்கள். ஆனால் இன்ன நோய் என்று தெரிந்த பிறகல்லவா மருந்து? வள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயை அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, அதன் பிறகே தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கிறார். உடலில் வரும் நோய்க்கு இதை ஒப்புக்கொள்ளும் நாம், மூளையில் வரும் நோய்க்கு மட்டும் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நோயை ஆராயாமலே பெயர் சூட்டிவிடுகிறோம். பேய், செய்வினை, திமிர், சோம்பல், பைத்தியம்! இந்தப் பெயர்களால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

பிறரைக் குறை சொல்லுமுன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்களோடு ஒருத்தி படித்தாள். முத்து முத்தாய் எழுதுவாள். அந்த ஆண்டின் நடுவில் அவள் எழுத்து கலைந்தது. பாதிப் பக்கம் வெறுமையாய் நின்றது. தலை வாராமல் வந்தாள். தனக்குள் பேசிக்கொண்டாள். நாங்கள் கூடிப் பேசினால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அழுதாள். நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தோம். அவள் கையில் மந்திரித்த கயிறுகள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காயின. பிறகு அவள் வரவே இல்லை. மருத்துவர் ஒருவர் அவளைப் பார்க்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று மாத்திரை சாப்பிடுகிறாள். தையல் வேலை செய்கிறாள். எங்களைக் கண்டால் புன்னகை செய்கிறாள். "முதலிலேயே கூட்டிப்போயிருந்தால் என் பிள்ளையும் உங்களோடு பரீட்சை எழுதியிருக்கும்மா" என்று அவள் தாயார் சொன்னபோது எங்களால் தலைநிமிர முடியவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை அவளுக்கு யார் திருப்பித் தருவார்?

அவளுக்கு வந்தது மனச்சிதைவு என்னும் நோய். மருத்துவர்கள் இதனை ஸ்கிஸோஃப்ரீனியா என்பர். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோதான் இது தலைகாட்டும். யாரும் பேசாதபோதும் குரல் கேட்கும். எல்லோரும் தனக்குத் தீங்கு நினைப்பதாகத் தோன்றும். பேச்சு கோவையற்றுப் போகும். குளிக்கவும் உண்ணவும் பழகவும் மனம் வராது. இது பாவத்தின் சம்பளமும் அன்று. தாயின் வளர்ப்புக் குறையும் அன்று. நீரிழிவைப் போல, இரத்தக் கொதிப்பைப் போல இதுவும் ஒரு நோயே.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீரிழிவை இரத்தச் சோதனை காட்டிவிடும். எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும். மனச்சிதைவை இதுதான் என்று உறுதி செய்யும் இரத்தச் சோதனையோ, ஸ்கேன் படமோ இன்றுவரை இல்லை. மருத்துவர் நோயாளியோடு பேசியும், வீட்டாரைக் கேட்டுமே முடிவுக்கு வருகிறார். எப்போது தொடங்கியது? தூக்கம் எப்படி? குரல் கேட்கிறதா? குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா? காய்ச்சலோ, தலையில் அடியோ, வலிப்போ வந்ததா? இக்கேள்விகளுக்கு நாம் தரும் விடையே அவருக்கு வழிகாட்டும் விளக்கு. விடையை மறைத்தால் மருத்துவர் இருட்டிலே தேடுவார். மருத்துவத்துக்கு நால்வகைத் துணை வேண்டுமென்று சொன்ன வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திலிருந்து பேணுபவரையும் சேர்த்தே எண்ணினார். அந்த நான்காம் இடம் நம்முடையது.

மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். கீழே விழுந்து துடிக்கும் மகனை ஒரு தந்தை இயேசுவிடம் கொண்டுவருகிறார். இது வந்து எவ்வளவு காலமாயிற்று என்று ஆண்டவர் அத்தந்தையிடம் வினவுகிறார். கேளாமலே அனைத்தும் அறிந்தவர் கேட்டார். தந்தையும் ஒளிக்காமல், சிறுவயது முதலே இப்படித்தான் என்றும், தீயிலும் நீரிலும் விழுந்திருக்கிறான் என்றும் சொன்னார். கூட்டத்தின் நடுவே நின்று சொன்னார், வெட்கப்படவில்லை. நம் வீடுகளில் நடப்பதென்ன? "வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்?" என்று கதவைச் சாத்துகிறோம். மருத்துவரிடம் போனாலும் பாதியைச் சொல்லி, மீதியை மடியில் கட்டிக்கொண்டு திரும்புகிறோம்.

மனநோய் போலத் தோன்றும் பிற நோய்களும் உள என்பதை நாம் அறிய வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் வழக்கம். சாவி வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சிலவகை வலிப்பில் கைகால் இழுக்காது. பிரமை பிடித்தாற்போல் நிற்பார்கள். அதைப் பேய் என்று சொல்லிவிடுகிறோம். தைராய்டுக் கோளாறும், வைட்டமின் பி12 குறைவும், அசுத்தமான கையாலும் கழுவாத காய்கறியாலும் உட்சென்று மூளையில் தங்கும் நாடாப்புழுவின் கூடுகளும் மனத்தைக் கலக்கக் கூடியவை. இவை மருந்துக்குக் கட்டுப்படுபவை.

இன்னொரு நோய் 2007இல்தான் கண்டறியப்பட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி மூளையைத் தாக்கும் அழற்சி அது. இளம் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. நியூயார்க் நகரப் பத்திரிகையாளர் சுசன்னா கஹாலன் 2009இல் இந்நோய்க்கு ஆளானார். மனநோய் என்றே பலரும் எண்ணினர். இறுதியில் சுஹேல் நஜ்ஜார் என்னும் மருத்துவர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அவரோ எண்கள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். கோளாறு மூளையில் என்று அதுவே காட்டிக் கொடுத்தது. அவர் குணமடைந்து மீண்டும் எழுத வந்தார். ஒரு தாளும் பேனாவும் பொறுமையும் ஓர் உயிரைக் காத்தன!

அப்படியானால் செபம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். நிச்சயம் வேண்டும். ஆனால் திருச்சபையே இதில் நமக்கு வழிகாட்டுகிறது. ஒருவரைப் பேய் பிடித்தவர் என்று எளிதில் நம்பிவிடக் கூடாது என்று 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1999இல் வெளிவந்த புதிய சடங்கு நூலும் நோயையும் தீய ஆவியையும் பிரித்தறிய வலியுறுத்துகிறது. நானூறு ஆண்டுகளாகத் திருச்சபை காட்டும் நிதானம் நமக்கு இல்லாமற் போவதா?

நிதானம் தவறியதன் விலையைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி மாண்டனர். 28 உயிர்கள் போயின. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் நம் மனத்திலுள்ள சங்கிலியைச் சட்டத்தால் அறுக்க முடியுமா?

நம் மாநிலத்திற்கு இத்துறையில் நல்ல பெயரும் உண்டு. சென்னை மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அதனை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்தியவர் ஒரு பெண்மணி, டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் அவர், 1984இல் மனச்சிதைவுக்கென்றே 'ஸ்கார்ஃப்' என்னும் ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். அந்நிறுவனம் ஒரு பேருந்தையே மருத்துவக்கூடமாக்கிப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு அனுப்பிற்று. இவ்வளவு இருந்தும், 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கடும் மனநோயுற்றோரில் நால்வருக்கு ஏறக்குறைய மூவர் சிகிச்சையின்றி இருப்பதாகக் கண்டது. வைத்தியம் இருக்கிறது, நோயாளியும் இருக்கிறார். இருவரும் சந்திப்பதில்லை!

சந்திக்க வைப்பது நம் கடமை. அன்புத் தங்கையரே, தோழி ஒருத்தி மாறிப்போனால் சிரிக்காதீர்கள். அவள் பக்கத்தில் அமருங்கள். அன்றே ஆசிரியையிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் நடத்தையில் கண்ட மாற்றத்தைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவரிடம் ஒளிக்காமல் காட்டுங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, மதிப்பெண் சரிந்த மாணவியைக் கடிந்துகொள்ளுமுன் ஏன் சரிந்தது என்று கேளுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். வாரத்தில் ஒரு நாளேனும் மனநல மருத்துவர் நம் வட்டாரத்துக்கே வந்து பார்க்க வேண்டும் என்று அரசைக் கேட்பதும் நம் உரிமையே. கூலி வேலையை விட்டுவிட்டு மாதந்தோறும் மதுரைக்குப் பஸ் ஏற எல்லோராலும் இயலுமா?

உங்களில் ஒருத்தி நாளை மனநல மருத்துவராகி இவ்வூருக்கே திரும்பி வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதுவரை, எவ்வளவு காலமாயிற்று என்று அன்புடன் கேட்கும் வாயும், உள்ளதை ஒளிக்காமல் சொல்லும் துணிவும் நம் எல்லோருக்கும் வாய்க்க இறைவன் அருள்வாராக!